எந்த மகாலிங்கம்?

1

சென்ற ஆண்டு, நாடகக் கலைஞர் ஒருவருக்காக, நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டியவர். அறந்தாங்கி வட்டாரத் திருவிழாக்களில் நாற்பது வருஷம் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் பபூன் வேஷம் கட்டியவர். ஆதாரமாக ஒரு மஞ்சள் பை நிறைய நாடக நோட்டீஸ்களைக் கொண்டுவந்திருந்தார். ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர் என்று அந்த ஓர் இரவுக்காக மட்டும் கூடுவார்கள். அதனால் நோட்டீஸில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஊர் நிற்கும்.

அலுவலகத்தில் இருந்தவர் நோட்டீஸ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல இருக்கிறது நீங்கதான்னு எப்படிப் பெரியவரே நம்புறது? இந்தப் பேர்ல நூறு பேர் இருப்பாங்க." கேட்டதில் தப்பில்லை. பாதி நோட்டீஸ்களில் பெரியவர் தாம் பிறந்த கிராமத்தின் பெயரோடு இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு குடிபெயர்ந்ததால் மீதியில் 'அறந்தாங்கி' முன்னால் வந்துவிட்டது. அடையாள அட்டையிலோ ஊரே இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும், அதுவும் இங்கிலீஷில். போதாக்குறைக்கு அதே பெயரில் ஓர் ஆர்மோனியக்காரரும் இருந்திருக்கிறார். சில நோட்டீஸ்களில் இரண்டு பேரும் சேர்ந்தே இருந்தார்கள்.

வெளியே வந்ததும் பெரியவர் சொன்னார்: "தம்பி, மைக்குல அந்தப் பேரச் சொன்னாலே சனம் சிரிக்க ஆரம்பிச்சிரும். எந்த ஆளுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இங்க வந்துதான் கேக்குறாக."

விளையாட்டிலும் கேளிக்கையிலும் ஒரே பெயரில் பலர் இருப்பதை நாம் துணுக்குச் செய்தியாக, வினாடி வினாவுக்கான விஷயமாகத்தான் படித்துப் பழகியிருக்கிறோம். ஆனால் ஒரே பெயர் இருவருக்கு அமைந்ததும் 'எந்த' என்றொரு கேள்வி பிறக்கிறது. அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, யார் சொல்ல வேண்டியதில்லை என்பது அதிகாரம் பற்றிய விஷயம். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

கேள்வி புதிதல்ல. சங்கத் தொகைகளைத் தொகுத்தவர்கள் முன்னாலும் இது நின்றிருக்கிறது. சாத்தனார் என்று ஒருவர் அல்ல, பலர். எனவே மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், பெருந்தலைச் சாத்தனார் என்று ஊரையும் தொழிலையும் முன்னால் சேர்த்து அவர்களைப் பிரித்தார்கள். பெருந்தலை என்பது ஊரா, உடம்பா என்று இன்றுவரை வாதிடலாம். ஔவையார் விஷயத்தில் நடந்தது இதற்கு நேரெதிர். பல நூற்றாண்டுகளைச் சேர்ந்த பல ஔவைகள் முன்னொட்டு இல்லாமல் விடப்பட்டதால் மக்கள் மனதில் ஒரே கிழவியாக உறைந்துபோனார்கள். முன்னொட்டு கிடைத்தால் ஆள் பிரிகிறார், கிடைக்காவிட்டால் கரைகிறார்.

எம்.ஏ. வகுப்பில் நன்னூல் படித்தபோது பெயர்ச்சொல்லின் ஆறு வகையை மனப்பாடம் செய்தோம்: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். இது எதற்கு உதவும் என்று அப்போது கேலி பேசியதுண்டு. பிறகு ஒருநாள் தமிழ் சினிமாவின் துணை நடிகர் பெயர்களை எழுதிப் பார்த்தேன். தேங்காய் சீனிவாசன் பொருள். டைப்பிஸ்ட் கோபு தொழில். மீசை முருகேசன் சினை. டெல்லி கணேஷ் இடம். பவணந்தியார் சினிமா பார்க்காமலேயே பட்டியல் போட்டுவைத்திருக்கிறார். ஆனால் அவரது பட்டியல் ஒன்றைச் சொல்லாது: இந்த ஆறில் எது யாருக்கு வாய்க்கும், அதை யார் தருவார்கள் என்பதை.

3

மிகச் சுத்தமான உதாரணத்திலிருந்து தொடங்கலாம். டி.ஆர். மகாலிங்கம் என்று இருவர் இருந்தார்கள். ஒருவர் 'ஸ்ரீவள்ளி' (1945), 'நாம் இருவர்' (1947), 'மாலையிட்ட மங்கை' (1958) படங்களின் நடிகர்-பாடகர். சோழவந்தானுக்குப் பக்கத்திலுள்ள தென்கரையில் பிறந்து 1978இல் மறைந்தவர். இன்னொருவர் புல்லாங்குழல் மேதை; 1926இல் திருவிடைமருதூரில் பிறந்து 1986இல் மறைந்தவர். பெயர் மட்டுமல்ல, இனிஷியலும் அப்படியே ஒன்று. இருவரும் பாட்டுலகத்துக்காரர்கள், சமகாலத்தவர்கள்.

உண்மையில் இனிஷியல்கள் ஒன்றல்ல. ஒருவர் தென்கரை ராமகிருஷ்ணன் மகாலிங்கம். மற்றவர் திருவிடைமருதூர் ராமசாமி மகாலிங்கம். தமிழில் முதலெழுத்தைப் போட்டிருந்தால் ஒருவர் தெ.ரா., மற்றவர் தி.ரா. குழப்பமே வந்திராது. காலனிய அலுவலகத்திலிருந்து வந்த இங்கிலீஷ் எழுத்துதான் தென்கரையையும் திருவிடைமருதூரையும் ஒரே 'டி'க்குள் விழுங்கியது. அதே 'டி'தான் டி.ஆர். ராஜகுமாரிக்குத் தஞ்சாவூர். ஆளைப் பிரித்துக் காட்ட வந்த குறி, ஆட்களை ஒன்றாக்கிவிட்டது. எங்கள் பெரியவரின் அட்டையில் இருப்பதும் இதே வகை எழுத்துதான்.

தீர்வு எப்படி வந்தது? குழல்காரர் 'மாலி' ஆனார். நெருக்கமானவர்கள் கூப்பிடும் சுருக்கப்பெயரைச் சபாக்களின் ரசிகர் உலகம் ஏற்றுக்கொண்டது. சினிமாக்காரருக்கு முழுப்பெயர் நின்றது. ஏனென்றால் அந்தப் பெயர் போஸ்டரில் ஒட்டப்பட்டு டூரிங் கொட்டகைவரை வந்திருந்தது. இங்கே யாரும் யாரையும் விரட்டவில்லை. இரண்டு உலகங்கள் தனித்தனியாக இருந்ததால் சமாதானமாக முடிந்தது. ஒரே உலகத்துக்குள் மோதும்போது கதை வேறு.

4

1941இல் 'சபாபதி' படத்தின் கதாநாயகன் டி.ஆர். ராமச்சந்திரன். அந்தக் காலத்தில் சின்னச் சின்ன வேஷங்களில் வந்துகொண்டிருந்த இன்னொருவரின் பெயர் படத்தின் எழுத்துகளில் 'எம்.ஜி. ராம்சந்தர்' என்று வந்தது. பிறகு அவர் ராமச்சந்திரன் ஆனார், அதற்கும் பிறகு வெறும் மூன்றெழுத்து ஆனார். இன்று 'எம்.ஜி.ஆர்.' என்றால் எந்த எம்.ஜி.ஆர். என்று கேட்க நாட்டில் ஆளில்லை. சபாபதியின் நாயகனைத்தான் இப்போது 'அந்தப் பழைய காமெடி நடிகர்' என்று விளக்க வேண்டியிருக்கிறது. பெயர் அதே இடத்தில் இருக்கிறது, விளக்க வேண்டிய சுமை மட்டும் இடம் மாறிவிட்டது.

கணேசன்களின் கதை இன்னும் விசித்திரம். வி.சி. கணேசன், அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் சிவாஜியாக நடித்தார். பெரியார் அவரைச் 'சிவாஜி' என்று அழைத்தது ஒட்டிக்கொண்டது. இன்னொரு கணேசன் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர், அதனால் ஜெமினி. ஒருவருக்கு முன்னொட்டு ஓர் அரசன், மற்றவருக்கு முன்னொட்டு முதலாளியின் நிறுவனம். இருவரும் நட்சத்திரங்கள் என்பதால் வெறும் 'கணேசன்' யாருக்கும் போகவில்லை.

பிறகு 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்துக்குப் புதுமுகம் ஒருவர் வருகிறார். பெற்றோர் வைத்த பெயரே சிவாஜி ராவ். ஆனால் பிறவிப் பெயரோடு வந்தவரால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. நாடகத்தில் வாங்கியவரிடம் அது ஏற்கெனவே இருந்தது. பாலசந்தர் தம் 'மேஜர் சந்திரகாந்த்' கதையிலிருந்த ஒரு பாத்திரத்தின் பெயரை எடுத்துக் கொடுக்க, ரஜினிகாந்த் பிறந்தார். 2007இல் அவர் 'சிவாஜி' என்ற படத்தில் அதே பெயரில் நடித்தபோது அது வேஷத்தின் பெயராகத்தான் அவருக்குத் திரும்பிவந்தது. இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று இலக்கணம் பிரிக்கும். சந்தையில் இவை இரண்டையும் தாண்டிய ஒரு வகை உண்டு: முதலில் வந்தவனுடைய பெயர்.

முதலில் வந்ததால் மட்டும் பெயர் நிலைத்துவிடாது. 1990களின் தொடக்கத்தில் சரவணன் என்றொரு கதாநாயகன் இருந்தார். அதனால் சிவகுமாரின் மகன் சரவணன், 'நேருக்கு நேர்' (1997) வழியாக வந்தபோது, தயாரிப்பாளர் மணிரத்னம் அவருக்குச் சூர்யா என்று பெயர் வைத்தார். பத்தாண்டு கழித்து 'பருத்திவீரன்' (2007) வந்தது. அதன் நாயகன் சூர்யாவின் தம்பி கார்த்தி. சித்தப்பாவாக நடித்தவர் முதல் சரவணன். இன்று அவர் 'பருத்திவீரன் சரவணன்'. யாருக்கு இடையூறாகக்கூடாதென்று இன்னொருவர் பெயரை மாற்றிக்கொண்டாரோ, அவரே தம் சொந்தப் பெயருக்கு ஒரு முட்டுக்கொடுத்து நிற்கவேண்டியதாயிற்று. இது அவருடைய திறமைக் குறைவல்ல. கதாநாயகனுக்கு வெறும்பெயர், துணைநடிகருக்கு முன்னொட்டு என்பது எழுதப்படாத விதி. நிழல்கள் ரவி, தலைவாசல் விஜய், ஆடுகளம் நரேன் எல்லோரும் எந்தப் படத்தில் கவனிக்கப்பட்டார்களோ அந்தப் படத்தைக் காலமெல்லாம் சுமக்கிறார்கள். 'விஜய்' என்று மட்டும் சொன்னால் அது தலைவாசலைக் குறிக்காது. வெறும்பெயர் என்பது பட்டா நிலம் மாதிரி. ஒருவர் பெயரில்தான் இருக்கும். மற்றவர்கள் புறம்போக்கில் குடியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதைச் சங்க விதியாகவே வைத்திருக்கிறார்கள்: நடிகர் சங்கத்தில் ஒரு பெயர் பதிவாகியிருந்தால் இன்னொருவர் அதே பெயரில் சேர முடியாது. மைக்கேல் டக்ளஸ் என்று பிறந்த ஒருவர் மைக்கேல் கீட்டன் ஆனது அப்படித்தான். அங்கே விதி என்பதால் சண்டை போடலாம். இங்கே வழக்கம், அதனால் யாரிடம் சண்டை போடுவது என்றே தெரியாது.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. மூன்று ஜானகிகளை எடுத்துக்கொள்வோம். எஸ். ஜானகி பாடகி. சௌகார் ஜானகிக்கு 1950இல் வந்த 'ஷாவுகாரு' என்ற தெலுங்குப் படம் முன்னொட்டு. வி.என். ஜானகியின் இனிஷியலில் வைக்கமும் தாய் நாராயணியும் இருந்தார்கள். 1988 ஜனவரியில் இருபத்துச் சொச்சம் நாள் முதலமைச்சராக இருந்தபோது அவர் ஜானகி ராமச்சந்திரன். தாய் போய்க் கணவர் வந்துவிட்டார். இசை மரபில் பல பெண்கள் தாய் பெயரைத்தான் இனிஷியலாகக் கொண்டிருந்தார்கள். மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி, மெட்ராஸ் லலிதாங்கி வசந்தகுமாரி, கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். எம்.எஸ்., எம்.எல்., கே.பி. என்ற எழுத்துகளுக்குள் மூன்று தாய்மார்கள் ஒளிந்திருக்கிறார்கள். எழுத்தாகச் சுருங்கியதால் நாம் அதைத் தகப்பன் பெயர் என்றே நினைத்துக் கடந்துவிடுகிறோம்.

5

சினிமாவில் சந்தை செய்யும் வேலையை மைதானத்தில் வேறு சக்திகள் செய்கின்றன.

இங்கிலாந்து கிரிக்கெட்டில் 1962வரை ஆட்டக்காரர்கள் இரு சாதி. சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர் 'கனவான்', சம்பளத்துக்கு ஆடுகிறவர் 'ஆட்டக்காரர்'. கனவானுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், கூலிக்காரனுக்குப் பின்னால் வரும். ஃபிரெட் டிட்மஸ் என்ற இளம் பந்துவீச்சாளரின் இனிஷியல் ஸ்கோர் அட்டையில் தவறிப்போய் முன்னால் அச்சாகிவிட, லார்ட்ஸ் மைதானத்தில் ஒலிபெருக்கியில் அதைத் திருத்தி அறிவித்தார்கள் என்பது பிரசித்தமான கதை. அப்பாவியாகத் தெரியும் இரண்டு எழுத்து, எந்தப் பக்கம் நிற்கிறது என்பதிலேயே வர்க்கத்தைச் சொல்லிவிடுகிறது.

பிரேசிலில் உடம்பையும் வயதையும் வைத்துப் பிரித்தார்கள். 1994 உலகக் கோப்பையை வென்ற அணியில் இரண்டு ரொனால்டோ. தடுப்பாட்டக்காரர் 'ரொனால்டாவ்', அதாவது பெரிய ரொனால்டோ. பதினேழு வயதுப் பையன் 'ரொனால்டினோ', சின்ன ரொனால்டோ. நம்மூர்ப் பெரியகருப்பன், சின்னக்கருப்பன் கணக்குதான். 1999இல் அணிக்கு இன்னொரு இளைஞர் வந்ததும் 'சின்ன' அவருக்குப் போயிற்று, முந்தையவர் வெறும் ரொனால்டோ ஆனார். 2002இல் இருவரும் சேர்ந்தே கோப்பையை வென்றார்கள். முன்னொட்டோ பின்னொட்டோ ஓர் ஆளோடு ஆணியடித்ததல்ல, அடுத்த ஆள் வந்ததும் நகரும் என்பதற்கு இது நல்ல சாட்சி. இன்று எங்கள் தெருப் பையன்களுக்கு ரொனால்டோ என்றால் போர்ச்சுகல்காரர்தான். பழையவரைப் 'பிரேசில் ரொனால்டோ' என்கிறார்கள். இரண்டு கோப்பை அணிகளில் இருந்தவருக்கே வெறும்பெயர் நிரந்தரமில்லை.

குடும்பப்பெயர் இருந்தால் குழப்பம் வராது என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. ராபின் சிங் கதையைக் கேட்கட்டும். டிரினிடாடில் 1963இல் பிறந்து சென்னைக்கு வந்து தமிழ்நாட்டுக்கு ஆடிய ராபின் சிங், இந்தியாவுக்காக 136 ஒருநாள் ஆட்டங்கள் ஆடினார். டெஸ்ட் ஒன்றே ஒன்று, 1998 அக்டோபரில் ஹராரேயில். மூன்று மாதம் கழித்து, 1999 ஜனவரியில் ஹாமில்டனில், டெல்லி வேகப்பந்து வீச்சாளர் ராபின் சிங் ஆடினார். அவருக்கும் அது ஒன்றே டெஸ்ட். ஏழு கடல் தாண்டிப் போய்த் திரும்பிய 'சிங்' அவரைப் பிரித்துக் காட்டவில்லை. இரண்டாமவரை 'ஜூனியர்' ஆக்கித்தான் கணக்கு முடித்தார்கள். அவர்கள் அப்பா பிள்ளை அல்ல, உறவும் அல்ல.

6

இப்போது எங்கள் ஊர் மைதானத்துக்கு வருகிறேன். கட்டுரையின் உண்மையான இடம் இதுதான்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கவேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பலனைத்தான் நாம் அனுபவிக்கிறோம். இந்தியாவின் பல பகுதிகளில் ஆட்டக்காரர் பட்டியலைப் படித்தாலே சாதி தெரிந்துவிடும். தமிழ்ப் பட்டியலில் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. இது சின்ன விஷயமல்ல. ஆனால் பட்டம் உதிர்ந்ததும் மேலத்தெரு செல்வமும் கீழத்தெரு செல்வமும் ஒரே செல்வம் ஆனார்கள் (செல்வம் என்பது நான் இங்கே வைக்கும் பெயர்). பெயரளவில் கிடைத்த இந்தச் சமத்துவத்தைத் தாங்கமுடியாத இடத்தில்தான் 'எந்த' வந்து நிற்கிறது.

சிறுவயதில் ஒரு கிராமத்துக் கபடிப் போட்டிக்குப் போயிருந்தேன். ஒரே அணியில் இரண்டு செல்வம். மைக்கில் வர்ணனை செய்தவர் ஒருவரைச் 'செல்வம்' என்றார், இன்னொருவரைக் 'காலனி செல்வம்' என்றார். ரெய்டு போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தவர் இரண்டாமவர். கைதட்டல் எழுந்தது. "காலனி செல்வம் மூணு பாயிண்டு!" என்று நாலு குழாயிலும் ஒலித்தது. அவர் கோட்டைத் தாண்டி நின்று ஒரு நிமிஷம் மைக் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு மணலைக் கையில் தேய்த்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். வர்ணனையாளரிடம் கேட்டிருந்தால், "அடையாளத்துக்குச் சொன்னேன்பா" என்றிருப்பார். பொய்யும் அல்ல. நன்னூல் கணக்கில் அது இடப்பெயர்தான். ஆனால் 'தென்கரை' என்பது போல 'காலனி' இடப்பெயர் அல்ல. தொல்காப்பியர் நிலப்பெயர் என்றும் குடிப்பெயர் என்றும் தனித்தனியாகச் சொன்னார். நம் ஊர்களில் நிலமே குடிக்கேற்பப் பிரிக்கப்பட்டிருப்பதால் நிலப்பெயரைச் சொன்னாலே குடிப்பெயர் சொன்னதாகிவிடுகிறது. மேலத்தெருச் செல்வத்தை யாரும் 'மேலத்தெரு செல்வம்' என்று அறிவிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில், தெருவில் போலீஸ்காரர் 'ஏய்' என்று கூப்பிட, ஒருவன் திரும்பிப் பார்க்கும் கணத்தில் அவன் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்ட தன்னிலையாகிறான் என்பார். நம் நிலைமையில் இதில் ஒரு படி கூடுதல். பெயரைக் கூப்பிடுகிறார்கள், இரண்டு பேர் திரும்புகிறார்கள். 'நீ இல்லை' என்று ஒருவனிடம் சொல்வதற்காகத்தான் முன்னொட்டு வருகிறது. முன்னொட்டு இல்லாதவன் பொது மனிதன் ஆகிறான். முன்னொட்டு உள்ளவன் அதன் கிளை.

அண்மையில் அறந்தாங்கிப் பக்கம் நடந்த ஒரு போட்டியில் வேறொன்றைக் கேட்டேன். எல்லோருக்கும் பனியனில் எண் இருந்தது. "ஏழாம் நம்பர் செல்வம்", "பதினொண்ணாம் நம்பர் செல்வம்" என்று வர்ணனை போயிற்று. இருவருக்குமே முன்னொட்டு இருந்தது, இரண்டும் எண்தான். எண்ணுக்குத் தெரு கிடையாது. இது புரட்சியல்ல, மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் பனியனைக் கழற்றிவிடுவார்கள். ஆனாலும் அந்த நாற்பது நிமிஷத்துக்கு 'எந்த' என்ற கேள்வியை இருவரும் சமமாகச் சுமந்தார்கள். நாம் கேட்க வேண்டியது இதைத்தான். ஒரே பெயர் இருக்கட்டும், பிரித்துச் சொல்லவும் வேண்டும். ஆனால் சொன்னால் இருவருக்கும் முன்னொட்டைச் சொல்லுங்கள். அதையும் அவரவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

எழுதுகிற நமக்கும் இதில் பங்குண்டு. நாட்டார் கலைகளைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது, 'ஒரு பபூன் நடிகர் சொன்னார்' என்று எழுதிவிட்டுப் போகிறோம். திரைப்பட நாயகனை மட்டும் பெயர் சொல்லி எழுதுகிறோம். இணையத் தேடல் இதையே இயந்திர வேகத்தில் செய்கிறது. பெயரைத் தட்டினால் அதிகம் தேடப்பட்டவர் முதலில் நிற்பார், மற்றவர் இருபதாவது பக்கத்தில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான்.

பெரியவரின் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. அவர் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது அது அவருக்கு இடைஞ்சலாகக் கூடாது என்பதுதான். இப்போது நாங்கள் செய்துகொண்டிருக்கும் வேலை இது: நோட்டீஸ்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஊர் மாறிய வருஷத்தைக் குறித்து, பழைய ஊர்க்காரரும் அறந்தாங்கிக்காரரும் ஒருவரே என்று, கூட நடித்த ஸ்திரீபார்ட், ராஜபார்ட் கலைஞர்களிடம் கையெழுத்து வாங்குகிறோம். அதே பெயருள்ள ஆர்மோனியக்காரர் காலமாகிவிட்டார். அவர் வீட்டுக்கும் போனோம். அவருடைய மகள் ஒரு நோட்டீஸைப் பார்த்து இரண்டு பெயர்களையும் விரலால் தொட்டுச் சொன்னார்: "இது எங்கப்பா. இது மாமா." பிறகு தாமாகவே ஒரு தாளை எடுத்து அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இதுவரை கிடைத்ததில் அதுதான் உறுதியான ஆதாரம்.